பதிவேட்டில் பிறந்த கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்குப் பேரவை கூடி, மறைக்கல்வி வகுப்புகளுக்காக நான்கு அறைகள் புதிதாகக் கட்டுவதென்று தீர்மானித்தது. நிதி திரட்டும் வழியும் பேசி முடிந்த வேளையில், பேரவையின் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "சாமி, இன்னும் பத்து வருஷத்துல நம்ம பங்குல எத்தனை பிள்ளைங்க இருப்பாங்க?" என்று கேட்டார். அங்கிருந்த எவருக்கும் விடை தெரியவில்லை, எனக்கும்தான். ஆண்டுதோறும் மேலிடத்துக்கு அனுப்பும் புள்ளிவிவரப் படிவத்தில், சென்ற ஆண்டின் எண்ணோடு சிறிது கூட்டி எழுதி அனுப்பிவிடுவது என் வழக்கமாக இருந்தது என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கான விடையோ, என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த அலமாரியில், திருமுழுக்குப் பதிவேட்டில் உறங்கிக் கொண்டிருந்தது.

அந்தக் கேள்வி என்னைப் பதிவேடுகளைப் புரட்டவும் வைத்தது. அவற்றின் வரலாற்றைத் தேடிப் படிக்கவும் வைத்தது. ஒரு நாட்டில் மக்கள் எவ்வாறு பெருகுகின்றனர், எவ்வாறு குறைகின்றனர், வருங்காலத்தில் எத்தனை பேர் இருப்பர் என்று ஆராயும் துறையை மக்கள்தொகையியல் என்கிறோம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, குடிநீர், உணவு தானியம் என அரசு தீட்டும் திட்டங்கள் பலவும் அதன் கணிப்பை நம்பியே தொடங்குகின்றன. இக்கலை அரசர்களின் கருவூலத்தில் பிறந்தது என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். படிக்கப் படிக்க, ஆலயத்தின் பதிவேட்டு அறையே அதற்குத் தொட்டிலாக இருந்தது என்பது தெளிவாயிற்று.

ஏடுகள் தோன்றிய விதம்

அரசர்கள் தலை எண்ணியது உண்மையே. வரிக்காகவும் படைக்காகவும் எண்ணினார்கள். தாவீது அரசர் தம் மக்களை எண்ணச் செய்ததைச் சாமுவேல் இரண்டாம் நூலின் 24-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இஸ்ரயேலில் வாளேந்தும் வீரர் 8 லட்சம், யூதாவில் 5 லட்சம் என்று கணக்கு வந்து சேர்ந்தது. பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அதில் இல்லை. எண்ணி முடித்தபின் அரசரின் உள்ளமே அவரை வாட்டியது என்கிறது அந்நூல்.

திருச்சபை பெயர்களை எழுதத் தொடங்கியது வேறொரு நோக்கத்துக்காக. 1563-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள் திரிதெந்து பொதுச்சங்கம் தன் 24-ஆம் அமர்வில் ஓர் ஆணை பிறப்பித்தது. மணமக்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களையும் திருமணம் நடந்த நாளையும் இடத்தையும் பங்குக்குரு ஓர் ஏட்டில் எழுதிக் காக்க வேண்டும். திருமுழுக்கின்போது ஞானப்பெற்றோரின் பெயர்களையும் பதிய வேண்டும் என்பது அந்த ஆணை. மறைவாக நடந்த திருமணங்களால் கைவிடப்பட்ட பெண்களுக்கு நீதி கிடைக்க வேண்டும் என்ற கவலை அதன் பின்னணியில் இருந்தது. 1614-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகியவற்றுக்கான ஏடுகளோடு, ஒவ்வொரு வீட்டிலும் வாழும் ஆன்மாக்களின் நிலையைக் குறிக்கும் ஏட்டையும் சேர்த்து ஐந்து ஏடுகளுக்கு வடிவம் தந்தது. இங்கிலாந்தில் 1538-லேயே பங்குப் பதிவேடுகள் கட்டாயமாக்கப்பட்டிருந்தன. பெயர்களை எழுதிய குருக்களில் எவரும் மக்கள்தொகைக் கணக்குக்கு அடித்தளம் இடுவதாக எண்ணியிருக்க மாட்டார்.

இலண்டன் கடைக்காரர்

அவ்வேடுகளில் கணக்கு மறைந்திருப்பதை முதலில் கண்டவர் ஜான் கிரான்ட் என்னும் இலண்டன் துணி வணிகர். கொள்ளைநோய்க்கு அஞ்சிய அந்நகரில், ஒவ்வொரு பங்கிலும் எத்தனை அடக்கங்கள், எத்தனை திருமுழுக்குகள் என்று பங்கு எழுத்தர்கள் வாரந்தோறும் பட்டியல் வெளியிட்டு வந்தனர். மக்கள் அதை வாசித்து, அந்த வார இறப்புகளைப் பற்றிப் பேசிவிட்டு மறந்துவிடுவார்கள். கிரான்ட் பல்லாண்டுப் பட்டியல்களைத் திரட்டி, வரிசைப்படுத்தி ஆராய்ந்து 1662-இல் நூலாக்கினார்.

இலண்டனில் பல இலட்சம், ஏன் பத்து இலட்சங்களுக்கும் மேல் மக்கள் வாழ்வதாக அன்று பேச்சு இருந்தது. கிரான்ட் எளிய வழியொன்றைக் கையாண்டார். ஆண்டுக்கு ஏறத்தாழ 12,000 பிறப்புகள். பிள்ளை பெறும் வயதிலுள்ள மனைவியர் இரண்டாண்டுக்கு ஒருமுறை பெறுவதாகக் கொண்டால் அவர்கள் 24,000 பேர். குடும்பங்கள் அதன் இருமடங்கு, அதாவது 48,000. வேலையாட்களையும் சேர்த்து வீட்டுக்கு எட்டுப் பேர் என்றால் 3,84,000. தெரிந்த எண்ணிலிருந்து தெரியாத எண்ணுக்கு, காரணம் சொல்லிப் படிப்படியாக ஏறும் இம்முறைதான் இன்றைய கணிப்பு முறைகளின் அரிச்சுவடி.

அவர் கண்டவை இன்னும் பல. நகரில் அடக்கங்கள் பிறப்புகளைவிட மிகுதி. அப்படியிருந்தும் நகரம் வளர்கிறது. ஆகவே நாட்டுப்புறத்திலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வந்து குடியேறுகின்றனர் என்று நிறுவினார். 13 பெண் குழந்தைகளுக்கு 14 ஆண் குழந்தைகள் பிறப்பதையும் கண்டு, ஒருவனுக்கு ஒருத்தி என்னும் கிறிஸ்தவ நெறிக்கு இயற்கையே சான்று பகர்வதாக எழுதினார்.

கிரான்டிடம் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. தம் ஏடுகளில் யார் விடுபட்டனர் என்று அவர் தேடினார். உள்நாட்டுப் போருக்குப் பின் திருமுழுக்கு எண்ணிக்கை சரிந்திருந்தது. குழந்தைத் திருமுழுக்கை ஏற்காத சபைகள் பெருகியதாலும், பதிவில் அக்கறை குறைந்ததாலும் பிறந்த குழந்தைகள் பலர் ஏட்டில் ஏறவில்லை. பேறுகாலத்தில் இறந்த பெண்களின் எண்ணிக்கையோ முன்போலவே இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டு, குறைந்தது பதிவுதான், பிறப்பு அன்று என்று அவர் காட்டினார். இறந்தவரைப் பார்த்து நோயைச் சொல்லும் ஏழை மூதாட்டிகள், ஒரு கோப்பைப் பானத்துக்கும் இரட்டிப்புக் கூலிக்கும் வெட்கக்கேடான நோயை மறைத்து வேறு பெயர் சொல்லிவிடுவர் என்பதையும் அவர் எழுதத் தவறவில்லை.

கிரான்ட் பின்னாளில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1666-ஆம் ஆண்டின் பெருந்தீயில் உடைமைகளை இழந்து, சமய மாற்றத்தால் பொறுப்புகளையும் இழந்து, 1674-இல் வறுமையில் இறந்தார். அவர் நகரின் குடிநீர்க் குழாய்களை மூடித் தீ பரவச் செய்தார் என்ற அவதூறும் பின்னர் எழுந்தது. குடிநீர் நிறுவனத்தில் அவர் பொறுப்பேற்றதே தீ அணைந்த பிறகுதான் என்பதை ஆவணங்களிலுள்ள தேதிகள் மெய்ப்பித்தன. பதிவுகளுக்கு உயிர் தந்தவரின் நற்பெயரைப் பதிவுகளே காத்தன.

பிரெஸ்லாவ் நகரத்துப் போதகர்

இலண்டன் பட்டியல்களில் இறந்தவரின் வயது இல்லை. வயது தெரியாமல் வருங்காலத்தைக் கணிக்க இயலாது. இக்குறையை நீக்கியவர் காஸ்பர் நோய்மான் என்னும் லூத்தரன் போதகர். இன்று போலந்து நாட்டில் விரோத்ஸ்வாஃப் என வழங்கும் பிரெஸ்லாவ் அவருடைய ஊர். 49, 63 போன்ற வயதுகள் உயிருக்கு ஆபத்தானவை என்று மக்கள் அஞ்சி வந்தனர். அது மூடநம்பிக்கை என்று காட்டுவதற்காகவே அவர் தம் நகரின் இறப்புப் பதிவுகளை வயதுவாரியாகத் தொகுத்தார். அத்தொகுப்பு இலண்டன் அறிவியல் கழகத்தை எட்டி, வால்நட்சத்திரத்தால் புகழ்பெற்ற எட்மண்ட் ஹாலியின் கைக்கு வந்தது.

1687 முதல் 1691 வரையிலான ஐந்தாண்டுகளில் அந்நகரில் ஆண்டுக்குச் சராசரியாக 1,238 பிறப்புகள், 1,174 இறப்புகள். ஹாலி இவற்றிலிருந்து, பிறந்தவர்களுள் ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் எஞ்சியிருப்பர் என்ற ஆயுள் அட்டவணையை வகுத்து 1693-இல் வெளியிட்டார். அதன்படி நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 34,000. பிறந்தவர்களுள் பாதிப் பேர் 17 வயதுக்குள் இறந்துவிட்டனர். ஆகவே நீண்ட ஆயுள் கிட்டவில்லை என்று குறைபட்டுக்கொள்ள நமக்கு நியாயம் இல்லை என்பது ஹாலியின் முடிவுரை. வானியலாரிடமிருந்து வந்த ஆழ்ந்த தியானச் சிந்தனை அது.

கணக்கு கருணையாக மாறிய நாடு

சுவீடனில் 1749-ஆம் ஆண்டு நாடு தழுவிய மக்கள்தொகைப் பதிவுமுறை தொடங்கிற்று. படிவங்களை நிரப்பியவர்கள் ஊர்ப் போதகர்களே. மறைக்கல்வியும் வாசிப்பும் அறிய வீடுவீடாகச் சென்ற அவர்கள், யார் பிறந்தார், யார் இறந்தார், எந்நோயால், எவ்வயதில் என்று பதிந்தனர். தொகை கூட்டப்பட்டபோது மக்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று தெரியவர, பகைவர் அறியக்கூடாதென்று அரசு அதை இரகசியமாக வைத்தது. பின்னர், 1766-இல் பேர் வார்கென்டின் என்னும் வானியலார் அதிலிருந்து முழு நாட்டுக்குமான இறப்பு அட்டவணையை வெளியிட்டார்.

குழந்தைகளைப் பெரியம்மை எவ்வளவு கொள்ளை கொள்கிறது என்பது இப்பட்டியல்களில் மறைக்க முடியாதபடி தெரிந்தது. சுவீடன் 1816-இல் அம்மைத் தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. மருத்துவர் எட்டாத கிராமங்களில் ஊசி போட்டவர்களுள் ஆலயத்தின் கோவிற்பிள்ளைகளும் இருந்தனர். இறந்த குழந்தையின் பெயர் எழுதப்பட்ட அதே ஆலயத்திலிருந்து, அடுத்த குழந்தையைக் காக்கும் கை நீண்டது. திட்டமிடல் என்னும் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

வருங்காலத்தைக் கணிக்கும் முறை

கடந்ததை எண்ணியவர்கள் வருவதையும் கணிக்க முற்பட்டனர். 1798-இல் தாமஸ் மால்தஸ் என்னும் ஆங்கிலிக்கன் குரு, மக்கள்தொகை பெருக்கல் வரிசையிலும் உணவு கூட்டல் வரிசையிலும் வளரும் என்று அச்சுறுத்தினார். ஒரே விகிதத்தை வருங்காலம் முழுவதற்கும் நீட்டுவது எளிது. ஆனால் மனிதர் ஒரே விகிதத்தில் வாழ்வதில்லை. இதனைவிட நுட்பமான வழியை 1895-இல் எட்வின் கானன் என்னும் ஆங்கிலேயப் பொருளியலார் காட்டினார். மொத்தத் தொகையை விட்டுவிட்டு, ஒவ்வொரு வயதுப் பிரிவினரையும் தனித்தனியே பின்தொடர்வது அவர் வழி. பின்வந்தோர் அதைச் செம்மைப்படுத்தினர்; இன்றுவரை ஐக்கிய நாடுகள் அவையும் நம் அரசும் பின்பற்றுவது அதன் வளர்ந்த வடிவமே.

முறை கடினமானதன்று. ஓர் ஊரில் இன்று 20 முதல் 24 வயது வரை 1,000 பேர் உள்ளனர் என்று கொள்வோம். ஐந்து ஆண்டுகள் கழித்து அவர்களே 25 முதல் 29 வயதுக்குரியவர்கள். ஆயுள் அட்டவணைப்படி அவர்களுள் 990 பேர் உயிருடன் இருப்பர். 100 பேர் பிழைப்புத் தேடி வெளியேறி, 30 பேர் புதிதாக வந்தால் 920 பேர். இப்படியே எல்லா வயதினரையும் ஒரு படி ஏற்ற வேண்டும். பின்னர், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்கள் எத்தனை பேர், எவ்வயதில் எத்தனை பிள்ளைகள் பெறுகின்றனர் என்று பார்த்து, கீழ்ப்படியில் புதிய குழந்தைகளைச் சேர்க்க வேண்டும். பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு என்னும் மூன்றும் அடங்கிய கணக்கு இது. திருமுழுக்கு ஏடு, அடக்க ஏடு, வேற்றுப் பங்குக்குச் செல்வோருக்குத் தரும் சான்றிதழ் என்று நாம் அன்றாடம் கையாளும் மூன்றும் இவையே.

பிறப்பு குறைந்தாலும் மக்கள்தொகை உடனே குறையாதது ஏன் என்பதும் இதனால் விளங்கும். தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1992-93-இல் 2.5, 2019-21-இல் 1.8. ஒரு தலைமுறை தன்னைத்தானே ஈடு செய்யத் தேவையான 2.1 என்ற அளவை நாம் கடந்து இறங்கிவிட்டோம். அப்படியிருந்தும் 2001-இல் 6.24 கோடியாக இருந்த மாநில மக்கள்தொகை 2011-இல் 7.21 கோடியாயிற்று. முன்னைய தலைமுறையில் மிகுதியாகப் பிறந்தவர்கள் தாயாகும் வயதில் இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்த அலை ஓய்ந்தபின் வகுப்பறைகள் வெறுமையாகும், முதியோர் பெருகுவர். 2036-இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவராக இருப்பார் என்று மத்திய அரசின் வல்லுநர் குழு கணித்துள்ளது.

கணிப்பும் ஆணையும்

கணிப்பு என்பது "இப்படியே போனால்" என்னும் நிபந்தனையுடன் கூடிய வாக்கியம். கானனே இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியின் மக்கள்தொகை வளர்ச்சி 20-ஆம் நூற்றாண்டில் நின்றுவிடக்கூடும் என்று வாதிட்டார். 1891-இல் 2.9 கோடியாக இருந்த அத்தொகை 2001-இல் 5.2 கோடியைத் தாண்டியது. அவர் முறை பிழையானதன்று. அவர் கொண்ட நிபந்தனைகள் மாறிவிட்டன.

நிபந்தனையை மறந்து கணிப்பையே விதியாகக் கொள்ளும்போது ஆபத்து பிறக்கிறது. 1968-இல் அமெரிக்கப் பேராசிரியர் பால் எர்லிக், 1970-களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மாள்வது தவிர்க்க முடியாதது என்று எழுதினார். அத்தகைய அச்சம் உலகெங்கும் பரவிய காலத்தில்தான் நம் நாட்டில் நெருக்கடி நிலை வந்தது. 1976 ஏப்ரல் முதல் 1977 மார்ச் வரை ஓராண்டுக்குள் 82 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அலுவலர்களுக்கு இலக்கு எண்கள் விதிக்கப்பட்டன. அவ்வெண்களை நிரப்ப ஏழைகள் பிடித்துச் செல்லப்பட்டனர். எண்ணிலிருந்து தொடங்கிய திட்டம், தன் முன்னால் நின்ற மனிதனின் முகத்தைப் பார்க்கவில்லை. எர்லிக் முன்னுரைத்த அளவில் பஞ்சம் வரவும் இல்லை. பின்னர் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பிறப்பு குறைந்ததில், பெண் கல்விக்கும் குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கைக்கும் பெரும் பங்கு உண்டு.

யோனா இறைவாக்கினர் நினிவேயில் அறிவித்ததும் ஒரு கணிப்பே: நாற்பது நாளில் நகரம் அழியும். மக்கள் மனம் மாறினர்; நகரம் பிழைத்தது. தம் சொல் பொய்த்ததே என்று யோனா சினந்தார். நல்ல எச்சரிக்கை பலிக்காமல் போவதே அதன் வெற்றி என்பதை அவர் உணரவில்லை. அந்நூலின் இறுதியில் ஆண்டவரே ஓர் எண்ணைச் சொல்கிறார். வலக்கைக்கும் இடக்கைக்கும் வேறுபாடு அறியாத 1,20,000-க்கும் மேற்பட்டோர் அந்நகரில் உள்ளனர் என்கிறார். விளக்கவுரையாளர் பலர் இவர்களைச் சிறு குழந்தைகள் என்பர். நன்மை தீமை தெரியாத மக்கள் அனைவரும் என்பாரும் உண்டு. எப்படியாயினும், தாவீது எண்ணியது வாளேந்துவோரை. ஆண்டவர் எண்ணியது தற்காத்துக்கொள்ள இயலாதோரை. ஒன்று பயன்படுத்துவதற்கான எண். மற்றொன்று இரக்கப்படுவதற்கான எண்.

மீண்டும் பெயருக்கு

இருபதாம் நூற்றாண்டில் வரலாற்றறிஞர்கள் மீண்டும் பதிவேடுகளுக்கே திரும்பினர். பிரான்சில் லூயி ஆன்ரி, நார்மண்டிப் பகுதியில் உள்ள குரூலே என்னும் சிற்றூரின் ஏடுகளிலிருந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சீட்டு எழுதி, மறைந்த குடும்பங்களை மீட்டுருவாக்கினார். அந்த ஆய்வு 1958-இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் ரிக்லி, ஸ்கோஃபீல்ட் இருவரும் 404 பங்குகளின் ஏடுகளைக் கொண்டு, 1541 முதல் 1871 வரையிலான மக்கள்தொகையைப் பின்னோக்கிக் கணித்து 1981-இல் வெளியிட்டனர். வருங்காலத்தைக் காணும் அதே ஏணியில் அவர்கள் இறந்தகாலத்துக்கு இறங்கினர். எங்கோ ஒரு குரு சோம்பலின்றி எழுதி வைத்த வரிகள், நானூறு ஆண்டுகள் கழித்துப் பேசின.

எழுதப்படாதவர் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவர் திட்டத்தில் இல்லை. 2021-இல் நடக்கவேண்டிய நம் நாட்டின் கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடத்தப்படும் என்று 2025-இல் அறிவிக்கப்பட்டது. 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மானிய தானியம் பெறுவோருக்கான 81.35 கோடி என்ற உச்சவரம்போ, 2011-ஆம் ஆண்டுத் தொகையிலிருந்து வகுக்கப்பட்டது. பழைய எண் என்பது பலருடைய தட்டில் குறையும் சோறாகவும் இருக்கலாம்.

எங்கள் பங்கின் கதையை முடிக்கிறேன். இளைஞர்களும் நானும் ஏடுகளைப் புரட்டி, வீடுவீடாகச் சென்று எண்ணினோம். திருமுழுக்குகள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வந்திருந்தன. இளம் குடும்பங்கள் பல திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் சென்றிருந்தன. பூட்டிய வீடுகளுக்கு நடுவே தனியே வாழும் முதியோரை, என் படிவங்களில் ஆண்டுதோறும் நான் "குடும்பம்" என்று எழுதி வந்திருக்கிறேன். பேரவை மீண்டும் கூடியது. நான்கு அறைகளுக்குப் பதிலாக ஓர் அறையும், ஆலயத்துக்கு ஏறிவரச் சாய்தளமும், முதியோரை வாரந்தோறும் சந்திக்கும் குழுவும் போதும் என்று முடிவாயிற்று. கேள்வி கேட்ட பெரியவரே அக்குழுவில் முதலாவதாகத் தம் பெயரைக் கொடுத்தார்.

திருமுழுக்கு ஏட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓரக்குறிப்புக்கு இடம் விட்டிருக்கும். உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம் என்று அந்தக் குழந்தையின் வாழ்க்கை வளர வளர அவ்விடம் நிரம்பும். இப்போதெல்லாம் ஒரு பெயரை எழுதும்போது அந்த வெற்றிடத்தைச் சற்று நேரம் பார்க்கிறேன். அதில் என்ன எழுதப்படும் என்பதை எந்த அட்டவணையும் எனக்குச் சொல்ல முடியாது. அந்தக் குழந்தை பிழைத்து வளர்வதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை, நேர்மையாக எழுதினால், அந்த ஏடு சொல்லும்.